கொடுத்துக் கெடுத்தோம்

இல்லறம் சிறந்ததா, துறவறம் சிறந்ததா என்னும் பட்டிமன்றம், நான் பாட்னாவுக்கு மாற்றலாகி வந்த பின்னர் நம் சங்கத்தில் மூன்று முறை நடந்துவிட்டது. மூன்று முறையும் இல்லறமே வென்றது. வெல்லாமல் என் செய்யும்? நடுவர் இல்லறத்தார், பேசிய அறுவரும் இல்லறத்தார், கேட்டிருந்த நாமோ மனைவி மக்களோடு வந்து, கூட்டம் முடிந்ததும் பரிமாறப்படவிருந்த சாம்பார் சாதத்தின் மணத்தில் பாதிக் கவனத்தை வைத்திருந்த இல்லறத்தார். துறவியர் ஒருவரையேனும் அழைத்து, அவர் தரப்பைச் சொல்லுமாறு கேட்டோமா? இல்லை. எதிர்த்தரப்பு வராமலே தீர்ப்பு எழுதப்படும் வழக்கு இது.

சென்ற முறை வென்ற அணியின் தலைவர் என் நண்பர். அவர் எழுந்து, மடங்களெல்லாம் சொத்து மடங்கள், காவியெல்லாம் வேடம், துறவியர் என்போர் உழைக்காமல் உண்ணும் கூட்டம் என்று முழங்கியபோது மண்டபம் அதிரக் கைதட்டினோம். என் கைகளும் அதில் இருந்தன, ஒளிக்கவில்லை. ஆனால், அதே கைகள் இரண்டு திங்கள் கழித்துச் செய்த செயல் என்ன? தமிழகத்து மடமொன்றின் தலைவர் காசி யாத்திரை முடித்து இவ்வழியாக எழுந்தருளினார். வெள்ளிக் குடமொன்றை நாணயங்களால் நிரப்பி, மேளம் முழங்கச் சுமந்து சென்று, அவர் திருமுன் வைத்து வணங்கினோம். என் பங்கு 501 ரூபாய். பக்தியால் கொடுத்தேன் என்று சொன்னால் பொய்யாகும். கொடுத்தோர் பட்டியல் ஒலிபெருக்கியில் படிக்கப்படும் என்று பொருளாளர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதனால் கொடுத்தேன்.

வீடு திரும்பும் வழியில் என் மனைவி ஒன்று கேட்டாள். "எல்லாம் வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தவர்தானே அவர்? அவரிடம் போய் நாம் ஏன் இதையெல்லாம் கொடுத்தோம்?" மரபு என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன். என் வாயை அடைக்க முடியவில்லை. இவ்வாண்டு அவர் மீண்டும் வரவிருக்கிறார். இம்முறை பொற்காசு மாலை அணிவிப்பதெனச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. ஆகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றே. துறவியரைக் கெடுத்தவர்கள் துறவியர் அல்லர். கொடுத்த நாமே கெடுத்தோம். கெடுத்த பிறகு பட்டிமன்றம் வைத்து ஏசுகிறோம்.

நாம் பிழைக்க வந்து குடியேறியிருக்கும் இம்மாநிலத்தின் பெயரே விகாரம் என்னும் சொல்லின் திரிபு என்பதை அன்பர்கள் அறிவர். விகாரம் என்பது துறவியர் தங்கும் இடம். 1982ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட காந்தி பாலத்தின் மீது கங்கையைக் கடந்து, ஹாஜிப்பூர் வழியே வடக்கே சென்றால் வைசாலியை அடையலாம். நம்மில் பலர் விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துச் சென்று, சிங்கத் தூணின் முன்னே நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு, கட்டி எடுத்துச் சென்ற புளியோதரையை உண்டு திரும்பியிருக்கிறோம். அந்த ஊரில் நடந்த ஒரு பணத் தகராற்றைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு நாம் சொன்னதில்லை. எனக்கும் வெகுகாலம் தெரியாது.

புத்தர் மறைந்து நூறாண்டு ஆகியிருந்த காலம் என்று விநய பிடகம் கூறுகின்றது. வைசாலியில் வாழ்ந்த வஜ்ஜி நாட்டுப் பிக்குகள் உபோசத நாளன்று ஒரு வெண்கலப் பாத்திரத்தில் நீரை நிரப்பித் தம் கூட்டத்தின் நடுவே வைத்தனர். வழிபட வந்த இல்லறத்தாரை நோக்கி, சங்கத்துக்குக் காசு கொடுங்கள், முழுக் காசு இல்லையேல் அரைக் காசாவது கால் காசாவது இடுங்கள் என்றனர். காகண்டகன் மகன் யசர் என்னும் பிக்கு வெளியூரிலிருந்து அங்கு வந்திருந்தார். பொன்னும் வெள்ளியும் தொடலாகாது என்பது பிக்குகளின் விதி. யசர் பிக்குகளைத் தடுக்கவில்லை, இல்லறத்தாரைத் தடுத்தார். கொடுக்காதீர்கள், இது சாக்கியர் மகனின் துறவியர்க்குத் தகாது என்றார். அவர்கள் கேட்கவில்லை; கொடுத்தார்கள். இரவு கழிந்ததும் பிக்குகள் தலைக்கு இவ்வளவு எனப் பங்கிட்டு, யசருக்கும் ஒரு பங்கை நீட்டினர். அவர் மறுத்தார்.

பின்னர் நடந்தது இன்னும் சுவையானது. யசர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது. என்ன குற்றம்? பக்தியுடைய இல்லறத்தாரை இழிவாகப் பேசி, அவர்கள் மனத்தைப் புண்படுத்திய குற்றம்! ஆகவே, அந்த இல்லறத்தாரிடம் சென்று மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது தண்டனை. யசர் விதி தெரிந்தவர். தண்டனைக்கு உட்பட்ட பிக்குவுக்குத் துணையாக ஒருவரை அனுப்ப வேண்டும் என்னும் விதியைச் சுட்டித் துணையாளைக் கேட்டுப் பெற்றார். ஊருக்குள் சென்று இல்லறத்தாரைக் கூட்டினார். மன்னிப்புக் கேட்கவில்லை, பொன்னையும் வெள்ளியையும் பற்றிப் புத்தர் சொன்னவற்றை எடுத்துரைத்தார். கதிரவனையும் நிலவையும் முகிலும் புகையும் மறைப்பது போலத் துறவியின் ஒளியை மறைப்பன எவை என விளக்கினார். வைசாலியின் இல்லறத்தார் நம்மைவிட மேலானவர்கள் என்பேன். கேட்டு மனம் மாறினார்கள். உடன் சென்ற துணைப் பிக்கு திரும்பி வந்து நடந்ததைச் சொல்லவே, யசரைச் சங்கத்திலிருந்து விலக்கி வைக்கத் தீர்மானித்தனர். அவர் மேற்கே சென்று பிக்குகளைத் திரட்டினார். முடிவில் 700 பிக்குகள் வைசாலியில் கூடினர். கிழக்குக்கு நால்வர், மேற்குக்கு நால்வர் என எண்மர் குழு அமைத்துப் பத்து வழக்குகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, வஜ்ஜிப் பிக்குகள் செய்தது தவறு என்றனர். இரண்டாம் பௌத்த சங்கம் எனப் பாடநூல்களில் ஒற்றை வரியில் நாம் படித்துக் கடந்தது இதனைத்தான்.

அந்தப் பத்து வழக்குகளில் முதலாவது எது தெரியுமா? ஒரு கொம்பினுள் சிறிது உப்பைப் போட்டு வைத்துக்கொண்டு, உப்பில்லாத உணவு கிடைக்கும் நாளில் தொட்டுக்கொள்ளலாமா என்பது! உப்புக்காக 700 பேர் கூடினார்களா என்று நகைக்கத் தோன்றும். நான் நகைக்க மாட்டேன். இருபதாண்டுகளாகக் கோப்புகளோடு வாழ்கின்ற எழுத்தன் நான். விதி உடைவது பெருந்தொகையில் தொடங்குவதில்லை. சில்லறைச் செலவில்தான் தொடங்கும். இன்று வாங்கியதை இன்றே உண்டு முடிப்பவன் துறவி. நாளைக்கென்று எடுத்து வைப்பவன் நம்மைப் போன்ற இல்லறத்தான். இரண்டுக்கும் நடுவே இருப்பது கொம்பிலுள்ள அந்த உப்பு. அதை அனுமதித்தால் அரிசி வரும். அரிசி வந்தால் களஞ்சியம் வரும். களஞ்சியம் வந்தால் கணக்குப்பிள்ளை வருவான். அவன் வந்தபின் தம்பிரான் தேவையில்லை.

வஜ்ஜிப் பிக்குகள் மேற்கத்தியரின் முதியவரான ரேவதரைத் தம் பக்கம் இழுக்கப் பாத்திரங்களையும் ஆடைகளையும் கொண்டு சென்றதையும் அந்நூல் மறைக்கவில்லை. ரேவதர் தொடவில்லை. அவருடைய உதவியாளர் ஓர் ஆடையை மட்டும் வாங்கிக்கொண்டு, ஐயாவிடம் ஒரு வார்த்தை சொல்கிறேன் என்றார். அலுவலக வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டா.

இது பௌத்தர் கதை, நமக்கென்ன என்று எண்ணுவோர் மேற்கு நாடுகளைப் பார்க்கட்டும். 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித பெனடிக்ட் தம் மடத்துக்கு 73 அதிகாரங்களில் ஒழுங்கு வகுத்தார். எழுதுகோல், ஏடு, நூல் இவற்றில் ஒன்றையும் துறவி தனதென்று வைத்துக்கொள்ளலாகாது. தலைவர் அடிக்கடி துறவியரின் படுக்கையைச் சோதித்து, ஏதேனும் ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அஞ்சறைப் பெட்டிக்குள் மனைவியர் பணம் ஒளிக்கும் வழக்கத்தை அறிந்த நமக்கு இவ்விதியின் நுட்பம் நன்கு புரியும். ஆனால், இவ்வளவு நுட்பமான விதியிலும் ஒரு சந்து இருந்தது. துறவி உடைமை கொள்ளலாகாது, மடம் கொள்ளலாம். உலகத்துச் செல்வர் அனைவரும் அந்தச் சந்தின் வழியாகத்தான் உள்ளே புகுந்தார்கள்.

910இல் அக்கிட்டேன் கோமான் வில்லியம் தம் ஆன்மா ஈடேறும் பொருட்டு க்ளூனி மடத்தை நிறுவி நிலங்களைக் கொடுத்தார். அவரைப் பின்பற்றிச் செல்வர் பலரும் கொடுத்தார்கள். தாம் செய்யாத தவத்தையும் தாம் சொல்லாத மன்றாட்டையும் தமக்காகச் செய்துகொடுக்க ஆளமர்த்தினார்கள் என்றே நான் சொல்வேன். அச்செல்வம் பொறாமல் 1098இல் வேறொரு சிறு குழுவினர் சீத்தோ என்னும் சதுப்புக் காட்டுக்குச் சென்றனர். ஊர்களும் வரியும் அடிமைக் குடிகளும் எங்களுக்கு வேண்டா, தரிசு நிலமே போதும், எங்கள் கையால் உழுவோம் என்றனர். எவ்வளவு உயர்ந்த நோக்கம்! அந்த உயர்வைக் கண்டு மயங்கியே மக்கள் இன்னும் மிகுதியாகக் கொடுத்தார்கள். தரிசில் ஆடு பெருகியது. ஆட்டில் கம்பளி பெருகியது. சிறைப்பட்ட இங்கிலாந்து மன்னன் ரிச்சர்டை மீட்க 1193இல் பணம் திரட்டியபோது, அத்துறவியரின் ஓராண்டுக் கம்பளி முழுவதும் எடுத்துக்கொள்ளப்பட்டது. வேண்டா என்று காட்டுக்குப் போனவர்கள் நூறாண்டுக்குள் மன்னனின் கடனைத் தீர்க்கும் அளவுக்குச் செல்வராகிவிட்டார்கள்! பின்னர் 1536 முதல் 1540 வரை எட்டாம் ஹென்றி ஏறத்தாழ 800 மடங்களை மூடினான். கூரையின் ஈயத்தையும் விடாமல் உருக்கி எடுத்தனர். அந்நிலங்களை விலைக்கு வாங்கியவர்கள் யார்? ஒரு காலத்தில் கொடுத்தவர்களைப் போன்ற செல்வக் குடியினரே.

அசிசி நகரத்துப் பிரான்சிஸின் கதையோ கண்ணீர் வரவழைப்பது. துணி வணிகரின் மகன். காசின் குணம் தெரிந்தவர். தாமும் தம் தோழர்களும் நாணயத்தைக் கையால் தொடலாகாது என்றார். அதோடு நில்லாமல், பெனடிக்ட் விட்ட சந்தையும் அடைத்தார். தனி ஆளாகவும் கூடாது, கூட்டமாகவும் உடைமை கூடாது என்பது அவர் கொள்கை. 1226இல் தம்மை வெறுந்தரையில் கிடத்தச் சொல்லி இறந்தார். இரண்டே ஆண்டுகளில், 1228இல், அவரைப் புனிதராக அறிவித்தார்கள். அறிவித்த மறுநாளே அவர் பெயரால் மாபெரும் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். உலகெங்குமிருந்து பொருள் குவிந்தது. வெறுந்தரையைக் கேட்டவருக்கு நாம் கொடுத்தது வண்ண ஓவியம் தீட்டிய விதானம். களஞ்சியமும் நிலவறையும் எங்களுக்கு ஆகா, எங்கள் குருவின் சொல்லே போதும் என்று அடம் பிடித்த அவர் வழித் துறவியர் நால்வரை 1318இல் மர்சேய் நகரில் உயிரோடு எரித்தார்கள். இயேசுவும் சீடரும் உடைமை ஏதும் இல்லாதவர்கள் என்று அடித்துச் சொல்வதே மதத் துரோகம் எனப் போப்பாண்டவர் 1323இல் அறிவித்தார். வைசாலியின் உப்புக் கொம்பு எங்கே போய் முடிந்தது பாருங்கள்!

சீனத்தில் 845இல் பேரரசன் ஊசோங் 4,600 மடங்களை இடித்து, இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பிக்கு பிக்குணியரை வரி செலுத்தும் குடிகளாக்கினான். வெண்கலப் புத்தர்களை உருக்கி நாணயம் அடித்தான். கொடுத்த வெண்கலமே காசாகத் திரும்பியது. அதற்கு மேல் அங்கு நிற்க வேண்டியதில்லை.

நம் அண்டையிலுள்ள நாலந்தாவுக்கு வருவோம். காஞ்சியில் பிறந்த தருமபாலர் அதன் தலைவராக விளங்கினார் என்று யுவான் சுவாங் குறிப்பதைச் சங்க விழாக்களில் நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம், நானும் சொல்லியிருக்கிறேன். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்குப் பயின்ற இட்சிங், இரு நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களின் வருவாய் நாலந்தாவுக்கு இருந்தது என்று எழுதினார். அதே நூலில், களஞ்சியத்தில் தானியம் மக்கிக் கிடக்கவும் கருவூலத்தில் பொருள் முடங்கிக் கிடக்கவும் ஒரு விகாரம் இருப்பது தகாது என்றும் இடித்துரைத்திருக்கிறார். 1200ஆம் ஆண்டையொட்டி வாள் வந்தது உண்மை. ஆனால், வாள் சமணத் துறவியரையும் கண்டதுதானே? கையிலேந்தி, நின்றபடி, நாளுக்கொரு வேளை உண்ணும் திகம்பரர் இன்றும் நம் சாலைகளில் நடந்து செல்கின்றனர். அவருக்கு வேண்டியது ஒரு வீட்டின் ஒரு பிடிச் சோறு. எந்த அரசு வீழ்ந்தாலும் அடுப்பெரியும் வீடு ஒன்று எங்கேனும் இருக்கும். ஊர்களை நம்பிய விகாரமோ ஊர்களைக் கொடுத்த மன்னரோடு போயிற்று. நம் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலத்தை அளித்த செப்பேடு லெய்டன் நகரில் வெகுகாலம் இருந்தது. விகாரத்தின் எஞ்சிய செங்கற் கோபுரமோ 1867இல் இடிக்கப்பட்டது. கொடுத்தவன் பெயர் நின்றது. கொள்ளப்பட்ட இடம் நிற்கவில்லை.

புத்தகயையில் போதி மரத்துக்கு அருகிலேயே ஒரு சைவ மடம் உண்டு. பல்லாயிரம் ஏக்கர் அதன் ஆளுகையில் இருந்தது. 1978இல் அந்நிலத்தில் உழைத்த ஏழை மக்கள் போராட எழுந்தார்கள். அடியும் உதையும் உயிரிழப்பும் கண்டு, ஒரு பகுதியை மீட்டார்கள். பெண்கள் முன்னின்று, பட்டாவைத் தங்கள் பெயரில் கேட்டுப் பெற்றார்கள். வீட்டைத் துறந்தவரின் மடத்தோடு, வீடற்ற பெண்கள் நிலத்துக்காகப் போராட நேர்ந்தது. இந்நிலை யாரால் வந்தது? புண்ணியம் வேண்டி யாரோ எழுதி வைத்த சாசனங்களால் வந்தது.

இதற்கு மறுப்பு உண்டு என்பதை அறிவேன். என் நண்பர் இப்போதே எழுதுகோலைத் தீட்டுவார். திருவாவடுதுறையில் சோறில்லாவிட்டால் உ.வே. சாமிநாதையர் ஏது? 1887இல் சிந்தாமணி அச்சேறியது ஏது? குமரகுருபரர் காசியில் மடம் அமைக்காவிட்டால், கங்கைக் கரைக்கு வந்த தமிழருக்கு நிழல் ஏது? கொடுத்ததனால்தானே இவையெல்லாம் நடந்தன?

நடந்தன. மறுத்தால் நன்றி கொன்றவனாவேன். இக்கேள்விக்கு என்னிடம் முழுமையான விடையும் இல்லை. ஆனால் ஒன்று சொல்வேன். சுப்பிரமணிய தேசிகர் என்னும் புலமை மிக்க ஒருவர் தலைமையில் அமர்ந்திருந்ததால் திருவாவடுதுறையின் நெல் தமிழாயிற்று. அவரைப் போன்றோர் அமராத இடங்களில் நெல் வழக்காயிற்று, நீதிமன்றக் கட்டணமாயிற்று. கொடுக்கும்போது நாம் தேசிகரைத் தேடியா கொடுக்கிறோம்? நாம் தேடுவது ஒலிபெருக்கியை.

மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபியை நினைத்துப் பாருங்கள். ஆதிரை இட்ட முதற்பிச்சை அதில் தங்கவேயில்லை. பசித்தவர் வயிற்றுக்குப் போயிற்று. சிறைக்கோட்டத்திலும் அது உணவிட்டது, சிறை அறக்கோட்டமாயிற்று. துறவியின் பாத்திரம் அப்படி இருக்க வேண்டும் என்று நம் காப்பியம் காட்டியிருக்க, நாம் அதில் வெள்ளிக் குடத்தைத் திணிக்கிறோம்.

கொடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. நம் முன்னோர்க்குக் கொடுக்கத் தெரிந்திருந்தது. மதுரைக்கு அருகே அழகர்மலைக் குகையில் துறவியர்க்குக் கற்படுக்கை வெட்டிக் கொடுத்தவர்களின் பெயர்கள் தமிழிப் பொறிப்புகளில் இரண்டாயிரம் ஆண்டுகளாக இருக்கின்றன. உப்பு வணிகன் ஒருவன், கொழு வணிகன் ஒருவன், பொற்கொல்லன் ஒருவன் என நம்மைப் போன்ற எளிய இல்லறத்தாரே அவர்கள். பொற்கொல்லன் பொன்னைக் கொடுக்கவில்லை. கல்லில் ஒரு படுக்கை கொடுத்தான். தலைப்பக்கம் சற்றே உயர்த்தி வெட்டச் செய்தான். அதை விற்க முடியாது, சேமிக்க முடியாது, வட்டிக்கு விட முடியாது. ஒருவர் எழுந்து போனால் அடுத்தவர் படுத்துக்கொள்ளலாம். சென்ற கோடையில் ஊருக்குப் போனபோது அங்குச் சென்று, அக்கற்படுக்கை ஒன்றில் கையை வைத்துப் பார்த்தேன். வெளியே வெயில் கொளுத்தியது, கல் குளிர்ந்திருந்தது.

பொற்காசு மாலைக்கு என் பங்காக 1,001 ரூபாய் எழுதப்பட்டிருக்கிறது. அதை நான் கொடுக்கப் போவதில்லை. பட்டியலில் என் பெயர் விடுபடட்டும். வரும் அடிகளார் தங்கும் மூன்று நாளும் அவருக்கு அளிக்க வேண்டிய பகலுணவு நம் வீடுகளிலிருந்து முறைவைத்துச் செல்லட்டும். முதல் நாள் எங்கள் வீட்டிலிருந்து. மாலைக்கென்று இதுவரை திரண்ட தொகையை, வேலை தேடி இங்கு வந்து மருத்துவமனைகளில் துணையின்றிக் கிடக்கும் நம் மக்களின் செலவுக்கென ஒதுக்கி, அடிகளாரின் கையாலேயே அவர்களுக்கு வழங்கச் செய்யலாம் என்று பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவர எழுதிக் கொடுத்திருக்கிறேன். வழிமொழிய இதுவரை ஒருவர்கூட முன்வரவில்லை. பக்தர்கள் மனத்தைப் புண்படுத்துவதாகச் செயற்குழு அன்பர் ஒருவர் என்னிடம் வருந்தினார். யசரிடம் சொன்ன அதே சொற்கள்!

கூட்டம் அடுத்த திங்கள் முதல் ஞாயிறு மாலை 5 மணிக்கு. என் மனைவி வழிமொழிவதாகச் சொல்கிறாள். அவளுக்குத் தனி உறுப்பினர் சந்தா கட்டிய ரசீது என்னிடம் இருக்கிறது.